மூன்று மாலை எழுப்புதல் கூட்டம்: ஆறு வாரம் கழித்து ஒரு விமர்சனம்

உணவகத்துக்குப் போய் வந்தால் அன்றிரவே விமர்சனம் எழுதிவிடலாம். கிறிஸ்தவச் சபைகள் விசுவாசத்தைத் தட்டியெழுப்ப நடத்தும் எழுப்புதல் கூட்டத்துக்கு அது சரிப்படாது. மறுநாளே பேனாவை எடுத்தால் எழுதுவது நானாக இருக்காது, காதில் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும் டிரம்தான் எழுதும். ஆறு வாரம் பொறுத்துவிட்டு எழுதுகிறேன். சபையின் பெயரையும் பிரசங்கியாரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. குறைகள் நிறையச் சொல்ல இருக்கிறேன், வரும் வியாழக்கிழமையும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளி, சனி, ஞாயிறு, மாலை ஏழு மணி. சிங்கப்பூரில், உபி வட்டாரத்துப் பக்கம் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் ஆறாம் மாடி, வாடகை மண்டபம். சாதாரண மின்தூக்கி ஒன்றுதான். கூட்டம் சேர்ந்ததும் சரக்குத் தூக்கியைத் திறந்துவிட்டார்கள். பலகைகள் அடித்த அந்தத் தூக்கியில் வெள்ளைச் சேலை கட்டிய பாட்டிமார் எட்டுப் பேரோடு, அரிசி மூட்டை மாதிரி நானும் மேலே போய்ச் சேர்ந்தேன். பக்கத்து அறை அலுமினிய ஜன்னல் பட்டறை. வெள்ளிக்கிழமை ஏழே கால் வரைக்கும் அங்கே அறுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஜெபத்துக்கு அந்த ரம்பம்தான் பின்பாட்டு. மண்டபத்துக்குள் முந்நூறு நாற்காலிகள், குளிர்சாதனம் மிகையாக. சுவரில் சிலுவை கிடையாது, வேறு எதுவும் கிடையாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மதிப்பீட்டின் சாய்வு புரியாது. முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றத்தில் தமிழ் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். சேர்ந்தபோது கீழ்நிலை நீதிமன்றங்கள் என்றார்கள், 2014இல் அரசு நீதிமன்றங்கள் என்று பெயர் மாற்றினார்கள், என் நாற்காலி மட்டும் மாறவில்லை. அடுத்தவர் பேச்சைக் கூட்டாமல் குறைக்காமல் இன்னொரு மொழியில் சொல்வதுதான் என் பிழைப்பு. இப்போது வயது அறுபத்தெட்டு, இரண்டு காதிலும் செவிக்கருவி. கடந்த ஐந்து ஆண்டுகளாக நான் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று இரண்டு நாள் கிறிஸ்தவன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள், 20 விழுக்காட்டினர் சமயம் இல்லாதவர்கள். என் மகன் அந்த இருபதில் இருக்கிறான். நான் பெயரளவில் அந்தப் பதினெட்டுச் சொச்சத்தில் இருந்தேன். என் மனைவியின் தோழி ஒருவர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்து, "அண்ணன், பிரசங்கம் பிடிக்காவிட்டால் சாப்பிட்டுவிட்டாவது போங்கள்" என்றதால் கிளம்பினேன்.

முதலில் ஒலி. ஆராதனைக் குழுவில் கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம், பாடுகிறவர்கள் ஆறு பேர். இரண்டாம் பாட்டிலேயே செவிக்கருவிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கழற்றிய பிறகும் தெளிவாகக் கேட்டது. கழற்ற முடியாத காதுள்ளவர்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன். மூன்று மாலையிலும் சேர்த்து ஒரே ஒரு பழைய கீர்த்தனை பாடினார்கள், அதையும் டிரம் விடவில்லை.

அடுத்தது திரை. மேடைக்குப் பின்னால் ஆளுயர எழுத்தில் "எளுப்புதல்" என்று போட்டிருந்தார்கள். ழகரம் தெரியாதவர்களுக்கு எழுப்புதல் வராது என்று சொல்ல நான் யார்? ஆனால் "வள்ளமை", "கிறுபை" என்று அடுத்தடுத்து வந்தபோது பக்கத்து நாற்காலிப் பெரியவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முன்பின் தெரியாத இரண்டு பேரை அந்தக் கூட்டத்தில் முதலில் ஐக்கியப்படுத்தியது எழுத்துப்பிழைதான்.

பிரசங்கியார் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். வெளிநாட்டவர் இங்கே மேடையில் சமயம் பேச மனிதவள அமைச்சின் தனி அனுமதி வேண்டும், அதையெல்லாம் முறையாக வாங்கியிருந்ததாக அறிவிப்பிலேயே சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அவர் பேசவில்லை, முழங்கினார். "இந்தக் கூட்டத்தில் முழங்கால் வலியோடு ஒருவர் வந்திருக்கிறீர்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சராசரி வயது அறுபது இருக்கும் கூட்டத்தில் அப்படி ஒருவர் மட்டும்தான் என்றால் அதுவே பெரிய அற்புதம். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவரையும் மிஞ்சினார். மேடையில் ஒரு வரி வந்தால் இவரிடமிருந்து மூன்று வரி வந்தது, நடுநடுவே சொந்தச் சாட்சி வேறு. நீதிமன்றமாக இருந்திருந்தால் நடுவர் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்திருப்பார். எட்டே முக்காலுக்கு நான் எழுந்துவிட்டேன். வாசலில் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை, காகிதக் கோப்பையில் இஞ்சித் தேநீர் கொடுத்தார்கள். சாம்பாரில் வெங்காயம் முழுசாக, வதங்கிய பதத்தில், கொஞ்சம் இனிப்போடு இருந்தது. சனிக்கிழமை நான் திரும்பி வந்ததில் பாதிப் பங்கு அந்தச் சாம்பாருக்குத்தான்.

இந்த மாதிரிக் கூட்டங்களோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1978 டிசம்பரில் அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரஹாம் வந்தபோது, காலாங்கில் அன்றிருந்த தேசிய விளையாட்டரங்கத்தில் ஐந்து மாலைகள் கூட்டம் நடந்தது. எனக்கு இருபத்தொரு வயது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேறிய பிறகு, கப்பல் பட்டறையில் ஓய்வு பெறும்வரை இருந்தார். மேலதிகாரி போடும் உத்தரவுகள் அளவுக்குத்தான் அவருக்கு ஆங்கிலம் தெரியும். அன்று அவர் காதருகே குனிந்து வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த முதல் உரைபெயர்ப்பு அது. வீடு திரும்பும் பஸ்ஸில் அப்பா, "அந்த வெள்ளைக்காரர் நன்றாகத்தான் பேசினார், நீ கொஞ்சம் அவசரப்பட்டாய்" என்றார். ஒன்பது ஆண்டுகள் கழித்து வேலைக்கான நேர்காணலில் இதைச் சொல்லியிருந்தால் எடுத்திருக்க மாட்டார்கள்.

இந்த ஊரில் எழுப்புதலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் உறவு பழையது. 1935இல் சீனாவிலிருந்து ஜான் சுங் என்ற பிரசங்கியார் வந்து தெலுக் ஆயர் மெதடிஸ்ட் ஆலயத்தில் இரண்டு வாரம் பேசியபோது, அவர் மாண்டரினில் பேசப் பக்கத்தில் ஒருவர் ஹொக்கியன் என்ற இன்னொரு சீன மொழியில் சொன்னார். அந்த இரண்டு வாரம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடவில்லை, சுவிசேஷம் சொல்ல 100க்கும் மேற்பட்ட சிறு குழுக்கள் கிளம்பின. 1937இல் சின் லியன் வேதாகமப் பள்ளி தொடங்கியதும் அதே அலையில்தான். கூட்டம் எப்படி இருந்தது என்று கேட்பதைவிட, கலைந்த பிறகு என்ன மிஞ்சியது என்று கேட்பது என் வழக்கம். ஆறு வாரம் காத்திருந்ததும் அதனால்தான்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல் என்று வேறொருவரை நிறுத்தினார்கள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். பாலர் பள்ளி ஆசிரியை என்று பிறகு தெரிந்துகொண்டேன். சிறிய குரல், கையில் சின்னக் குறிப்பேடு. பிரசங்கியாருக்கும் முந்தின நாள் தொண்டை கட்டிப்போய்விட்டது. முழங்க முடியாத மனிதர் பேசத் தொடங்கினார், பேசத் தெரிந்த மனிதர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் இப்படி நடந்தது, கொரியாவில் அப்படி நடந்தது என்று போகாமல், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கிறிஸ்தியான்பேட்டையிலிருந்து ஆரம்பித்தார். மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்த அருளப்பன் என்ற தமிழர், 1860இல் அங்கே மூண்ட எழுப்புதல், அது திருநெல்வேலி நாட்டில் பரவிய விதம். நம் ஊர்க் கதையை நம் பிரசங்கிகள் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! அந்தக் கதையையும் அவர் ஊதிப் பெருக்கவில்லை. சீக்கிரமே லூக்கா சுவிசேஷம் 24ஆம் அதிகாரத்துக்கு வந்தார். எருசலேமிலிருந்து எம்மாவுக்கு நடந்துபோகும் இயேசுவின் சீடர் இரண்டு பேர். நடுவில் வந்து சேர்ந்துகொள்ளும் மூன்றாம் ஆள், சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்த இயேசுவேதான் என்று அவர்களுக்குத் தெரியாது. ஏன் துக்கமுகமாய் நடக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். இஸ்ரவேலை மீட்பவர் அவரே என்று நாங்கள் நம்பியிருந்தோம் என்று இவர்கள் சொல்கிறார்கள்.

"நாங்கள் நம்பியிருந்தோம்" என்று சொல்லிப் பிரசங்கியார் நிறுத்தினார். அந்தப் பெண் 'பிலீவ்' என்ற சொல்லைப் போட்டுச் சொல்லி முடித்தாள். பிரசங்கியார் அடுத்த வரிக்கு வாயைத் திறந்துவிட்டார். அவள் இடது கையைச் சற்றே உயர்த்தி, "ஐயா, ஒரு நிமிடம்" என்றாள். பிறகு சபையைப் பார்த்து ஆங்கிலத்தில், என் மொழிபெயர்ப்பில் ஒரு திருத்தம் என்று சொல்லி, 'ஹோப்' என்ற சொல்லை வைத்து அந்த வரியை மறுபடியும் சொன்னாள்.

நாங்கள் செய்கிற காரியம் அது. உரைபெயர்ப்பாளர் தவறினால் மூடி மறைக்கக்கூடாது, திருத்துகிறேன் என்று நடுவரிடம் சொல்லித் திருத்த வேண்டும். இளையவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும், மானம் போகிறதே என்று விழுங்கிவிடுவார்கள். இவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. பிரசங்கியார் தலையசைத்துக் காத்திருந்தார். மூன்று நான்கு விநாடிகள் இருக்கும், மண்டபத்தில் குளிர்சாதனச் சத்தம் மட்டும். செவிக்கருவிகள் அன்று காதிலேயே இருந்தன.

தவறு அவளுடையது மட்டுமல்ல. நம்முடைய 'நம்பிக்கை' ஒரே உடம்பில் இரண்டு உயிர். தெருவில் அது பிறர்மேல் வைக்கும் நம்பகம். வேதப் புத்தகத்தில் விசுவாசம் தனி, நம்பிக்கை தனி, அங்கே நம்பிக்கை என்றால் வரப்போவதை எதிர்பார்த்திருப்பது. எனக்கு இரண்டையும் விட மூன்றாவது பொருள்தான் பழக்கம். முப்பத்தொரு ஆண்டுகளும் 'நம்பினேன்' என்ற சொல்லை ஏமாந்தவர்கள் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். "அவரை நம்பித்தான் நகையைக் கொடுத்தேன்." "கூட்டாளி என்று நம்பினேன்." தண்டனைச் சட்டம் 406ஆம் பிரிவு, நம்பிக்கை மோசடி. வாரம் ஒன்றாவது வரும்.

என் மனைவிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று 2019 மார்ச்சில் சொன்னார்கள். பதினான்கு மாதம். வீட்டில் ஜெபக்கூட்டம், உபவாசம், எண்ணெய் பூசி ஜெபம், எல்லாம் நடந்தன. அவள் பயப்படவில்லை, நானும் உண்மையாகவே எதிர்பார்த்திருந்தேன். 2020 மே மாதம், கிருமிப்பரவல் கட்டுப்பாட்டுக் காலத்தில் போய்விட்டாள். இறுதிச் சடங்குக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது. மண்டாய் தகனச்சாலையில் யார் உள்ளே, யார் வெளியே என்று நான்தான் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஆண்டவர்மேல் என் மனத்தில் ஒரு வழக்கு இருந்தது. பிரிவு எண் மேலே சொன்னதுதான். கடவுள் இல்லை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இல்லாதவர்மேல் யாராவது வழக்குத் தொடுப்பார்களா?

'நம்பினோம்' என்றால் முடிந்துபோன ஒரு செயல், அவ்வளவுதான். 'நம்பியிருந்தோம்' என்பதில் அந்த 'இரு' இருக்கிறதே, அது வேறு. நம்பிக்கைக்குள் குடியிருந்தோம், பாயை விரித்திருந்தோம், அடுப்பு மூட்டியிருந்தோம், பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டோம் என்கிறது. அந்தப் பெண் தடுக்கி விழுந்து எழுந்தாளே, அந்த இடத்தில்தான் எனக்கும் அது உறைத்தது. எனக்கும் கடவுளுக்கும் நடுவில் அறுந்தது எது என்பதையே ஐந்து ஆண்டுகளாக நான் தப்பாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். விசுவாசம் அப்படியே கிடந்தது, வழக்குப் போடும் அளவுக்கு உறுதியாக. போனது மற்றது.

பிரசங்கியார் அதற்குப் பிறகு சொன்னதில் ஒன்றுதான் நினைவில் நிற்கிறது. அந்த இருவரும் எருசலேமை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள், திசை தப்பு, இவர் அவர்களைத் திருப்பி நிறுத்தவில்லை, தப்பான திசையிலேயே கூட நடந்தார், பொழுது சாயும்வரை. இருவரில் ஒருவன் பெயர் கிலெயோப்பா, இன்னொருவன் பெயரை லூக்கா சொல்லவில்லை. பெயரில்லாத அந்த இரண்டாம் இடம் எனக்கு வசதியாக இருந்தது. அன்றிரவு தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய். ருசி பார்த்த நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பற்றிச் சுருக்கமாக. தங்கும் விடுதிகளிலிருந்து மூன்று வேன்களில் வெளிநாட்டு ஊழியர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கடைசி நான்கு வரிசையை ஒதுக்கியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாரத்தில் ஒரே விடுமுறை நாளைக் கொடுத்து வந்தவர்களை முன்னால் உட்கார வைத்திருக்கலாம். ஜெபத்துக்கு முன்னே அழைத்தபோது ஓர் இளைஞர் கைப்பேசியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார். வீடியோ அழைப்பில் இராமநாதபுரத்தில் அவருடைய அம்மா, தலையில் முக்காடு. அவர் முறை வந்ததும் தம் தலையைக் காட்டவில்லை, கைப்பேசியை நீட்டினார். பிரசங்கியார் அதன்மேல் கை வைத்தார். கை வைத்ததில் அழைப்பு துண்டித்துப்போய், மறுபடி அழைத்து, மறுபடி ஜெபம். சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்தப் பெண் இரண்டு ஜெபத்தையும் வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தாள்.

முடிவில் 62 பேர் தங்களை ஒப்புக்கொடுத்ததாக அறிவித்தார்கள். நான் கை தூக்கவில்லை, அந்த எண்ணிக்கையில் இல்லை. பிரியாணியில் உப்புக் குறைவு.

கூட்டத்துக்குப் பிந்தைய சேவைதான் இவர்களுடைய பெரிய பலவீனம். பதிவுப் படிவத்தில் "இரட்சிக்கப்பட்ட தேதி" என்று ஒரு கட்டம். ஆதாரமில்லாமல் தேதி எழுதி எனக்குப் பழக்கமில்லை, காலியாக விட்டேன். மறுநாளே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். விடிவதற்குள் பூப் படம் போட்ட வாக்குத்தத்த வசனங்கள் நாற்பது, அதற்கு ஆமென்கள் எழுபது. மூன்றாம் நாள் வெளியேறினேன். "வருத்தமா?" என்று கேட்டு வந்த செய்தி ஒரே செய்தியாக நான்கு பேரிடமிருந்து வந்தது, நகல் எடுத்து அனுப்பியது. ஓர் ஆள் நேரில் வந்திருக்கலாம். 62 பேரில் எத்தனை பேர் இன்று வருகிறார்கள் என்று உதவிக்காரர் ஒருவரிடம் கேட்டேன். பேச்சை மாற்றினார்.

நேரில் வந்தவள் அந்தப் பெண்தான். ஞாயிறு இரவு நான் காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது, என் மனைவியின் தோழி சொல்லிக் கேட்டு வந்திருக்கிறாள். "அங்கிள், நேற்று அந்தச் சொல்லை நான் திருத்தியது சரிதானா?" என்றாள். சரிதான் என்றேன். அதோடு விட்டிருக்கலாம், எனக்கு வாய் நிற்காது. வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பின் குறைகளைச் சொல்லத் தொடங்கி, சரக்குத் தூக்கி நான்கு தடவை இறங்கி ஏறும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.

அதில்தான் வியாழக்கிழமை ஆரம்பித்தது. ஈசூனில் அவளுடைய பெற்றோர் வீடு, சாப்பாட்டு மேசை, இரவு எட்டு மணி. அவள், அவளுடைய தம்பி, வெள்ளிக்கிழமை முழங்கிய அதே மொழிபெயர்ப்பாளர், நான். அவர் என் குறிப்புகளைக் கேட்டுக் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். தமிழ் வேதாகமம் ஒன்று, ஆங்கில வேதாகமம் ஒன்று, ஒரு நாளைக்குப் பத்து வசனம், வரி வரியாக. ஜெபம் ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, முடிவு ஜெபம் இரண்டு வாரமாக என் பொறுப்பு. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வாய்விட்டு ஜெபிக்கும்போது முதல் வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் ஒட்டவே இல்லை. யாரும் திருத்தவில்லை.

போன வாரம் எபிரெயர் 11:1இல் மாட்டிக்கொண்டோம். "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது." அந்த 'நம்பப்படுகிறவைகளை' 'பிலீவ்' என்று எடுப்பதா, 'ஹோப்' என்று எடுப்பதா? தம்பி முதலாவது என்றான், அக்காள் இரண்டாவது என்றாள். வசனத்தின் தலையிலேயே விசுவாசம் நிற்கிறது, அதே பொருளை இரண்டாம் தடவை சொன்னால் தன் வாலைத் தானே பிடிப்பது போல ஆகும் என்று நான் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்காரர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டே இருந்தார். மணி பத்தே கால் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா மேசையைத் துடைக்கத் துணியோடு வந்து நின்றார்.

அடுத்த கூட்டம் நவம்பரில், அதே கட்டடம், அதே ஆறாம் மாடி. போகிறவர்கள் இடப்பக்கம், எட்டாம் வரிசைக்குப் பின்னால் உட்காருங்கள், பெரிய ஒலிபெருக்கி வலப்பக்கம் இருக்கிறது. போர்த்திக்கொள்ள ஏதாவது எடுத்துச் செல்லுங்கள். மொழிபெயர்ப்புக்கு இந்த முறை மூன்று மாலையும் அவள்தான் என்கிறார்கள். திரையில் போடும் எழுத்துகளை முந்தின வாரமே எனக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னும் வரவில்லை.